நடுவீட்டு நிலையில் உங்கள் நெற்றி

காலையிலிருந்து வீடு முழுவதும் தேக்குத் தூள் மணக்கிறது. அடுக்களைக் கதவை இழைத்து முடித்த ஆசாரி, நடுவீட்டு வாசல் நிலைக்கு வந்து மேல்கட்டையைத் தடவிப் பார்த்தார். "ஆச்சி, இங்கன எண்ணெய்க் கறை ஏறிக் கருத்துப் போச்சு. நிலையை உயர்த்தும்போது இந்தக் கட்டையையும் மாத்திருவோம்" என்றார்.

அது என்ன கறை என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

உங்கள் பாட்டனார் தன் உயரத்துக்குக் கட்டிய வீடு இது. நீங்களோ பனை மாதிரி வளர்ந்துவிட்டீர்கள். அந்த இடத்தில் முட்டாமல் ஒரு நாளும் போனதில்லை. "சவத்து நிலை!" என்று முதலில் கட்டைக்குத் திட்டு, அப்புறம் எனக்கு. சிரிப்பை அடக்க நான் படாத பாடு படுவேன். ஏரல் ஆற்றில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிவந்து முட்டினால் கட்டையிலும் பட்டை விழும். "ஏட்டி, இங்க பாரு, நம்ம வீடும் சைவந்தான்" என்று அதற்கும் ஒரு பெருமை. நான் ஈரத்துணியால் துடைப்பேன். திருநீறு போகும், தலையெண்ணெய் போகாது.

இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்று உங்களோடு மல்லுக்கட்டிய நம் மகன்தான் இப்போது வீட்டைப் பழுதுபார்க்கிறான். கூரையில் உளுத்த கைமரங்களை மாற்றி, நல்ல ஓடுகளைக் கழுவி மறுபடி அடுக்கிவிட்டான். சுவருக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்று அவனே சொன்னான். நீங்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள். இந்த நிலையை மட்டும் உயர்த்தியே தீருவேன் என்று நின்றான்.

நான் வேண்டாம் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எம்மா, அப்பா காலம் பூரா முட்டுனது போதாதா? பழசைக் காப்பாத்தணும்னா மண்டையை உடைக்கணுமா?"

சொல்லிக்கொண்டே உள்ளே போகத் திரும்பினான். முட்டினான். அதே இடம்.

"சவத்து நிலை!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவன் நெற்றியைத் தேய்த்தபடி அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆசாரியிடம், "அண்ணாச்சி, இது இப்பிடியே இருந்துட்டுப் போட்டும்" என்றான்.

கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்குள் வந்த அன்று, இதே நிலையில் மேல்கட்டைக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "குனிஞ்சு வா, முட்டிரப் போவுது" என்றீர்கள். என் தலைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வெட்கத்தில் சட்டென்று திரும்பிய நீங்கள்தான் முட்டிக்கொண்டீர்கள்.

அன்று முதல் நான் இந்த வாசலில் நிமிர்ந்துதான் போய்வந்தேன். இப்போதெல்லாம் விளக்கேற்றப் போகும்போது குனிந்து போகிறேன். உங்கள் கையில் இடித்துவிடக் கூடாதே.