கண் திறந்த புகைப்படம்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் அண்ணியும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இதற்குள் நாலு பக்கத்துக்குப் புலம்பி எழுதியிருப்பாய்.

முதலில் நல்ல செய்தி. என்னை அணியில் எடுத்துவிட்டார்கள். பார்வையற்றோர் செஸ் அணியில் மொத்தம் ஐந்து பேர், ஐந்தாவது ஆள் உன் தங்கை. ஏப்ரல் கடைசியில் வெளிநாட்டில் போட்டி. ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்கார்ந்து 'லைன்ல இருங்க, லைன்ல இருங்க' என்று சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவள் விமானம் ஏறப் போகிறேன். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். அதுவரை போனில் திட்ட மட்டும்தான் அவருக்கு என்னைத் தெரியும்.

கெட்ட செய்தி, இதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். இன்று அந்த அலுவலகத்துக்குப் போனேன். வாசல் காவலாளி நல்ல மனிதர், கவுண்டர்வரை கூடவே வந்தார். உள்ளே இருந்த மகானுபாவர் என் பக்கம் திரும்பவே இல்லை. காவலாளியிடம் கேட்கிறார், "இந்தம்மாவுக்குக் கையெழுத்துப் போட வருமா?"

"எனக்கென்ன சார் தெரியும், நான் கேட்ல நிக்கிறவன்" என்றார் அவர்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும் சார், என்கிட்டயே கேளுங்க" என்றேன். அதற்குப் பிறகு என்னிடமே பேசினார், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தி. குருடி என்பதோடு செவிடி என்றும் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

எங்கள் தெரு ஸ்டுடியோவில் எடுத்து நான் கொண்டுபோன படத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். "கண்ணு மூடியிருக்கு. திறந்து எடுத்துட்டு வாங்க."

"திறக்காது சார். பிறந்ததுல இருந்தே இப்படித்தான்."

"கொஞ்சமாவது திறக்கப் பாருங்க."

நாற்பது வருஷமாக எனக்குத் தோன்றாத யோசனை! பார்வையற்றோர் அடையாள அட்டையைக் காட்டினேன். அது பஸ்ஸுக்குத்தான் செல்லுமாம். கண் தெரியாது என்று கண் டாக்டர் கடிதம் கொடுத்தால் மேலதிகாரி பார்த்து முடிவு செய்வாராம். எங்கள் கண் டாக்டர் ஏதோ மாநாட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் வாங்கிவிடுவேன். படத்தின் பின்னணியும் சரியில்லையாம். போன தடவை வந்தபோது உன் ஸ்டுடியோவில் என்னை உட்கார வைத்து எடுத்தாயே, அதை வெள்ளைப் பின்னணியில் அளவாகப் போட்டு அனுப்பு. டாக்டர் கடிதத்தோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை வாலு


பிப்ரவரி 15

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். நாங்கள் இருவரும் நலம், புலம்ப ஒன்றும் இல்லை.

படம் கூரியரில் வருகிறது, எட்டுப் பிரதி. நீ டாக்டர் பின்னால் அலைய வேண்டாம். மேலதிகாரி, கீழதிகாரி என்று ஆளாளுக்குப் போய் நிற்கவும் வேண்டாம். நாற்காலி கிடைத்துவிட்டால் அந்த ஆட்களுக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். இந்தப் படத்தைக் கொடு, பேசாமல் வாங்கிக்கொள்வான். இத்தனை வருஷமாக நான் சும்மாவா கடை நடத்துகிறேன்? நீ மட்டும் அங்கே போய்ச் சட்டம் பேசாமல் இரு. உன் வாய்தான் உனக்கு எதிரி.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ பெரிய ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன். படத்தை நீட்டினேன். "ஆங், இப்பத்தான் சரியா இருக்கு" என்றார் அதே கவுண்டர்க்காரர். டாக்டர் கடிதத்தை எடுக்கப் போனேன். "அதெல்லாம் வேணாம்மா" என்று முத்திரை குத்திவிட்டார். ஆக, என் கண் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, சுவர் வெள்ளையாக இருந்தால் போதும். இதற்குத்தான் என்னை அந்த அலை அலையவிட்டார்கள். இவர்களையெல்லாம் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

பிறகு விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் நான் தங்கியிருக்கும் விடுதிக்கு வந்தார். வார்டனிடம் "நெஜமாவே கண்ணு தெரியாதா?" என்று ரகசியமாகக் கேட்டார், எனக்கு முழுசாகக் கேட்கும்படியான ரகசியம். பிறகு என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினார். கை ஆட்டினால் காற்று வரும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "வெக்கையா இருக்கு, இன்னும் கொஞ்சம் விசிறுங்க சார்" என்றேன். அத்தோடு போய்விட்டார்.

நேற்று பாஸ்போர்ட் வந்தது. படம் இருக்கும் பக்கம் வழவழவென்று இருக்கிறது. ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். உன்னால்தான் கிடைத்தது அண்ணா.

இப்படிக்கு,
வாலு


ஏப்ரல் 26

அண்ணனுக்கு,

நான் போகவில்லை. அணி போய்விட்டது, நான் விடுதியில் இருக்கிறேன்.

விமான நிலையத்தில் மற்ற நாலு பேரும் தாண்டிப் போனார்கள். என் முறை வந்ததும் அங்கிருந்த பெண் அதிகாரி பாஸ்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். பிறகு, "இது நீங்க இல்லையே" என்றாள்.

"நான்தாங்க."

"படத்துல இருக்கறவங்களுக்குக் கண்ணு தெரியுது. நேரா என்னைப் பார்க்கறாங்க."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். என்னை ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார்கள். யாருடைய பாஸ்போர்ட் இது, எங்கே வாங்கினாய், படத்தை யார் திருத்தியது என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்போது உண்மையிலேயே தெரியாது. எங்கள் பயிற்சியாளர் வெளியிலிருந்து கத்திப் பார்த்தார். விமானம் காத்திருக்குமா? மற்றவர்களை ஏற்றிவிட வேண்டியிருந்தது, போய்விட்டார். சாயங்காலம் என்னை வெளியே விட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிடும்போது வர வேண்டுமாம்.

டாக்ஸியில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. கவுண்டர்க்காரர் ஏன் கடிதம் வேண்டாம் என்றார் என்று புரிந்தது. முட்டாள், ஒரு தடவை தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் அவர் அந்நியர். நீ?

இன்னொன்றும் கேட்கிறேன். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்தபோது வீட்டுக்கு வந்தவர்கள், "போட்டோல ஒண்ணு, நேர்ல ஒண்ணா? இப்படியா ஏமாத்துவீங்க?" என்று கத்திவிட்டுப் போனார்களே, அவர்களுக்கு நீ அனுப்பியது எந்தப் படம்? நான் கறுப்பு என்று சொல்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன். கறுப்பு என்றால் என்னவென்றே தெரியாமல் அதற்காக இத்தனை வருஷம் வெட்கப்பட்டேன். உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களில் நான் எப்படி இருக்கிறேன்? மழுப்பாமல் எழுது.

தங்கை


மே 2

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போட்டி கைநழுவிப் போனதற்கு நான் பொறுப்புதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நீ எழுதியிருக்கிற தோரணையில் நான் ஏதோ கொலை செய்தவன் மாதிரி இருக்கிறது.

என் தொழில் உனக்குத் தெரியாது. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஃபிளாஷ் அடிக்கும்போது கண்ணை மூடுவார்கள். திறந்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. கல்யாண ஆல்பத்தில் மாமனார் தூங்கி வழிந்தாலும் நாங்கள் விழிக்க வைத்துவிடுவோம். மூடின கண்ணைப் பார்த்தால் கை தானாகப் போகும். உன் முதல் படத்துக்கு அப்படிச் செய்தது அம்மா கேட்டு. "எல்லாரும் கேமராவைப் பாக்கறப்ப இவ மட்டும் ஏண்டா விட்டுப்போகணும்?" என்றாள். அப்புறம் எல்லாப் படத்திலும் அதே மாதிரி இருந்தால்தானே ஒரே ஆள் என்று தெரியும்? ஆமாம், கல்யாணத்துக்கு அனுப்பியதும் அதுதான். நேரில் உன்னைப் பார்த்துப் பேசினால் அவர்களுக்குப் பிடித்துவிடும் என்று நினைத்தேன்.

யாருடைய கண்ணையோ வைத்துவிட்டேன் என்று நினைக்காதே. நம் இரண்டு பேருக்கும் ஒரே முக ஜாடை. என் கண்ணைத்தான் உனக்குக் கொடுத்தேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் பயப்படாதே. எனக்குக் கண் தெரியாது, யார் கொடுத்த படம் என்றும் தெரியாது என்று சொல்லிவிடு. உன்னைப் போன்றவர்களை அவர்கள் நோண்ட மாட்டார்கள், பாவம் என்று விட்டுவிடுவார்கள். என் பெயர் வந்தால் கடைக்கு உரிமம் போய்விடும். அண்ணி அழுதுகொண்டே இருக்கிறாள்.

அண்ணன்


மே 19

அண்ணனுக்கு,

கண்ணைக் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் கணினியை நாலு தடவை வாசிக்க வைத்துக் கேட்டேன். ஏதோ ஆபரேஷன் மேஜையில் படுத்தவன் மாதிரி எழுதுகிறாயே, கூசவில்லையா? மவுஸைப் பிடித்து இழுத்து ஒட்டினாய், அவ்வளவுதான். அது எனக்காக இல்லை. உன் கூடத்துச் சுவருக்காக.

கவுண்டரில் இருந்தவன் என்னைப் பார்க்கவில்லை, அவனை நான் அன்றைக்கே துடைத்துப் போட்டுவிட்டேன். நீ, நான் பிறந்த நாளிலிருந்து என்னைப் பார்த்தவன். பார்த்துப் பார்த்து, இது வேண்டாம் என்று ஒவ்வொரு படத்திலும் அழித்தவன். உன்னோடு ஒப்பிட்டால் அவன் கண்ணியமானவன்.

அடுத்த போட்டி நவம்பரில். புது விண்ணப்பத்துக்காக இந்தத் தெரு ஸ்டுடியோவுக்கே மறுபடியும் போனேன். வெள்ளைத் துணியை மாட்டிவிட்டு, "கண்ணு மூடியிருக்கும்மா" என்றார். "அப்படித்தான் இருக்கும்" என்றேன். "சரிம்மா" என்று எடுத்தார். ஒரு 'சரிம்மா', அண்ணா. வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் எனக்குக் கிடைக்காதது. வெளியே வந்து தெருவிலேயே நின்று அழுதேன்.

நேற்று விசாரணைக்குப் போனேன். உன் யோசனைப்படி பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு, கண் தெரியாதவள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்த அதிகாரியே கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். "உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சிருக்கும்" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். உன் பெயரையும் கடை முகவரியையும் நானே தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

உன்னை விசாரிக்க வருகிறவர்கள் உன் தங்கை எப்படி இருப்பாள், ஒரு படம் காட்டு என்று கேட்பார்கள். நான் நானாக இருக்கிற படம் உன் வீட்டில் ஒன்றுகூட இருக்காது. அதனால் ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் கை வைக்காதே.

தங்கை