குடைக்கு வெளியே

பாம்பூஃப்ளாட்
ஆடி, 1967

என் கண்ணுக்கு,

அத்தை வீட்டில் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? இங்கே தீவில் மழை விடவில்லை. உன் பாயை இன்னும் சுருட்டி வைக்கவில்லை.

நேற்று ஃபெரி படகில் எதிர்க்கரை சாத்தமுக்குப் போனேன். காண்ட்ராக்டர் மாமா பக்கத்து வீட்டு ருக்குவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்கூலுக்குத் துணையாம். உனக்கும் அவர் பிடித்துக்கொண்டு வந்த அதே குடை. அவள் குடையை விட்டு விலகி விலகி நனைந்துகொண்டிருந்தாள்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் லேடி டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். “எம் பொண்ணும் அவரோட சிரிச்சுப் பேசினாம்மா” என்றேன்.

“பதினாலு வயசுப் பொண்ணு சிரிக்கத்தான் செய்யும். அவ சரின்னே சொல்லியிருந்தாலும் சட்டத்துல அது செல்லாது. அந்த ஆளுக்கு ஆசை ஏன் வருதுன்னு நாங்க ஆராயலாம். அடக்கிக்க வேண்டியது அவர்தான், உங்க பொண்ணு இல்ல” என்றார்.

“மாமாவோட போகலம்மா, கையைப் பிடிக்கிறார்” என்று நீ சொன்ன அன்று, நான் உன் பாவாடையின் நீளத்தைப் பார்த்தேன். ஊர் பேசும் என்று அடுத்த கப்பலிலேயே உன்னை மெயின்லேண்டுக்கு அனுப்பினேன். அவர் வந்தால் டீ போட்டுக் கொடுத்தேன்.

இன்று காலை ருக்குவின் அம்மாவிடம் சொல்லிவிட்டு, போலீஸுக்குப் போனேன்.

“லட்கி கிதர் ஹை?” பெண் எங்கே என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

நான்தான் கப்பலேற்றிவிட்டேன் என்றேன்.

“அந்த ஆள்?” என்றார்.

இங்கேதான் இருக்கிறார் என்றேன்.

உன் அம்மா