ஹேமா வெயிலில் விளையாடும் நேரம்

புதுச்சேரி
14.9.2009

ஹேமா அப்பாவுக்கு வணக்கம். மணக்குள விநாயகர் துணையால் நானும் குழந்தையும் சௌக்கியம். உங்கள் இருமல் நின்றதா? காரைக்காலில் மழை உண்டா? இங்கே தங்கியிருக்கும் வீட்டில் சமையல் வேலை பழகிவிட்டது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை ஆராயும் டாக்டரம்மா வியாழக்கிழமை ஹேமாவுக்கு ரத்தம் எடுத்தார். வெயிலால் உடம்பில் ஊறும் வைட்டமின் டி, இந்தப் பிள்ளைகளின் மரபணுக்களை எப்படி வேலை செய்ய வைக்கிறது என்று பார்க்கிறார்களாம். ஹேமா அழவில்லை, டாக்டரம்மாவின் கண்ணாடியைத்தான் பிடுங்கிக்கொண்டாள்.

"தினம் எவ்ளோ நேரம் வெயில்ல வெளையாடுவா?" என்று கேட்டார்.

கூச்சத்தில், "ரெண்டு மணி நேரம்" என்று சொல்லிவிட்டேன். அதையே எழுதிக்கொண்டார். வீட்டுக் கணக்கு நோட்டில்கூட ஒரு வரி பொய் எழுதாதவள் நான். மனசு கேட்காமல் மறுநாளே போனேன்.

"தெருவுல யாரும் பார்த்துடக் கூடாதுன்னு நாலு வருசமா உள்ளயே வெச்சிருந்தோம்மா. அதனாலதான் இப்படி ஆயிட்டாளா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. காரணம் எங்களுக்கே இன்னும் தெரியல. ஆனா நேத்து சொன்னதையே விட்டிருந்தா எங்க ஆராய்ச்சி தப்பாப் போயிருக்கும்" என்று சொல்லி, அடித்துத் திருத்தினார்.

இப்போது தினமும் காலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன். தன் நிழலை மிதிக்க ஓடுகிறாள். யாராவது உற்றுப் பார்த்தாலும் நான் அவளை இழுத்துக்கொண்டு வருவதில்லை.

உங்கள் பழைய கைலி ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். அது இருந்தால் அவள் தூங்குவாள், நானும்தான்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. தீபாவளிக்குப் பகல் பஸ்ஸில் வருகிறோம். ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ வேண்டாம். நம் தெரு வழியாக நீங்களே அவள் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போங்கள்.

உங்கள்
பாக்கியலட்சுமி