நான் கொட்டிய ஆன்டிபாடி

இன்று காலை ஆய்வக ஃப்ரீசரில் படிந்திருந்த பனியை உடைத்துச் சுத்தம் செய்தேன். அடித்தட்டில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு குழாய். சுற்றியிருந்த டேப்பில் உன் கோணல் எழுத்து: "மறுபடி கொட்டுனீன்னா எட்த்துக்கோ." கையுறையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நம்முடைய கிளாத்ரின் ஆன்டிபாடி. செல்லின் சவ்வைக் குழித்து, வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவரும் புரதம் கிளாத்ரின். அது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது இது. ராயபுரத்தில் உங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிடும்போது உன் அப்பாவுக்கு நீ சொன்னது இதைவிடத் தெளிவு. "நைனா, ஹார்பர்ல கிரேன் வெச்சு சரக்கு எறக்குறீங்கல்ல? செல்லுல அந்தக் கிரேன் எங்க கீதுன்னு காட்டுற சாமான் இது."

பயன்படுத்திய கரைசலை அடுத்த சோதனைக்காகத் திரும்பக் குழாயில் எடுத்து வைக்க வேண்டும். கழுவிய நீர் என்று நினைத்து நான் சிங்க்கில் கொட்டினேன். கையிருப்பு மொத்தமும் அதில்தான் இருந்தது. அடுத்தது கடல் தாண்டி வர மாதக்கணக்காகும். இன்னொரு தப்பு செய்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று முந்தைய வாரம்தான் நம் ஆய்வு வழிகாட்டி சார் என்னிடம் சொல்லியிருந்தார். நான் சிங்க்கை விட்டு நகர்வதற்குள் நீ அவர் அறைக்குள் போய் "நான்தான் சார் கொட்டிட்டேன்" என்றாய்.

பெங்களூர் கருத்தரங்குப் பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். வெட்கமில்லாமல் நானும் போனேன். நீ சென்ட்ரல் வரை வந்து வழியனுப்பினாய். "பேஜாராவாத மே. வரச்சொல்லோ மைசூர்பாகு வாங்கியா."

திரும்பி வந்ததும் சாரிடம் உண்மையைச் சொல்வதாக இருந்தேன். பிறகு என் கட்டுரை வரட்டும் என்றேன், பிறகு பட்டம் கிடைக்கட்டும் என்றேன். அதற்குள் எண்ணூர் சாலையில் உன் வண்டிமேல் லாரி மோதிவிட்டது.

நாலு வருடமாகியும் சிங்க் அருகே நின்றால், "இன்னா மே, மறுபடியுமா?" என்று பின்னாலிருந்து கேட்பாய் என்று திரும்பிப் பார்க்கிறேன். உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. திட்டு வாங்கவாவது.

மதியம் சாரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவ இருக்கும்போதே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

பிறகு, அடுத்த ஆன்டிபாடி வந்தபோது எனக்காக நீ ஒதுக்கி வைத்த அந்தக் குழாயைத் திறந்தேன். இன்னும் வேலை செய்கிறது. மைக்ரோஸ்கோப்பில் பச்சைப் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பயன்படுத்திய கரைசலைச் சொட்டு விடாமல் பெரிய குழாயில் எடுத்து வைத்திருக்கிறேன். உன் டேப்பை மெதுவாக உரித்து அதில் ஒட்டினேன். உன் எழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. "கொட்டல மே" என்று எழுதினேன்.