சம்பளத்தை இப்போதே எடுக்கிறேன்

நவம்பர், வியாழன் இரவு

என் சின்னக் கம்பனியில் முதலாளியும் நான், வேலையாளும் நான். இந்த வருடச் சம்பளத்தை எடுக்கப்போகிறேன் என்று சொல்ல, இன்று கணக்காளர் சிவா அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஜனவரியிலை எடுங்கோ தங்கச்சி. இந்த வருச வரி குறையும்," என்றார்.

"இல்லை அண்ணை, இப்பவே எடுக்கவேணும்."

"ஏன், என்ன அவசரம்?"

போன வருடம் ஒரு பிள்ளை கருவிலேயே போய்விட்டது. அதனால் இம்முறை நான் கர்ப்பமாக இருப்பது என் கணவர் ரவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, அம்மாவுக்குக்கூட. ஆனால் பிரசவ விடுப்பில் அரசாங்கம் தரும் பணம், அதற்கு முன் நான் எடுத்த சம்பளத்தைப் பொறுத்தது. காரணத்தைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"மே மாதம் எனக்குப் பிள்ளை பிறக்கும், அண்ணை."

அவர் நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப இந்த மாதமே தொடங்குவம். வரியை நான் பாக்கிறன். நீங்கள் பிள்ளை பராமரிக்கிற கார்டெரியிலை இப்பவே இடம் கேட்டு வையுங்கோ. உங்கட வில்லரேப் பகுதியிலை இடம் கிடைக்கிறது லேசில்லை."

ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். ரவி பயந்துபோய் ஓடி வந்தார்.

"ஒண்டுமில்லையப்பா. பிள்ளை பிறக்கும் எண்டு அண்ணைக்குச் சொல்லிப்போட்டன்."

இதுவரை நாங்கள் இருவரும் 'பிறந்தால்' என்றுதான் சொல்லி வந்தோம்.