கறுப்பு நூல் போட்ட நீலக் கோட்டு

நீலக் கோட்டை இன்று துவைத்துக் கொடியில் போட்டேன். தோள்பட்டையில் கிழிந்த இடத்தை நீ கறுப்பு நூலால் தைத்திருந்தாயே, அது வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. ஒரகடம் போய் நீல நூல் வாங்க உனக்குச் சோம்பல். "கிய்ஞ்சது தெரிஞ்சா தெரியட்டும்மே, இன்னா இப்போ" என்றாய். நாளை ஒருத்தி இதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். நீ கண்ணை மூடிய எட்டு மாதத்தில் இவள் ஐந்தாவது ஆள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அலுத்துவிட்டது.

நாம் ஒரே கம்பெனியில் இந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரே லைனில் நின்றவர்கள். நான் பரமக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். உன்னைப் பட்டணத்து ஆற்றோரத்தில் குடிசையை இடித்து, லாரியில் ஏற்றி, இந்த அடுக்கு வீடுகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். வாடகை குறைவென்று நானும் உன் பக்கத்து வீட்டில் குடியேறினேன். இடம் மாறியதில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. அப்புறம் எந்தச் சுவரில் காதை வைத்தாலும் அடிச் சத்தம். பாவம், வீடு போன வெறுப்பில் அடிக்கிறான் என்று நான் ஒருமுறை ஒருவனுக்கு வக்காலத்து வாங்கினேன். நீ விட்டாயா?

"வூடு போனது ரெண்டு பேருக்குந்தான். அவ யார் மேலயாச்சும் கை நீட்டினாளா?"

போலீசுக்குப் போகத் துணிந்தவளோடு நீயும் ஸ்டேஷன் வாசலில் நின்றாய். துணியாதவளுக்குத்தான் இந்தக் கோட்டு. வேலையை விட்டுப்போன பெண்களிடம் கேட்டு நாலு கோட்டும் நாலு தொப்பியும் சேர்த்து வைத்திருந்தாய். மதியம் இரண்டாவது ஷிப்டு பஸ் நம் வாசலில் வந்து நிற்கும். நாற்பது பெண்கள் ஒரே நீலத்தில் முண்டியடித்து ஏறும்போது, டீக்கடையில் காவல் இருக்கும் புருஷனுக்கு அதில் தன் பெண்டாட்டி எவள் என்று தெரியாது. வழியில் இறங்கி வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடித்தால், அங்கே பெண்கள் இல்லத்தில் உனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருந்தார். கோட்டை அவரே திருப்பி அனுப்பிவிடுவார். கிளம்புமுன் ஒன்று மட்டும் தவறாமல் சொல்வாய்: கையில் வளையல் இருக்கக் கூடாது. மெஷினில் மாட்டும் என்று கம்பெனியில் விடுவதில்லை. ஷிப்டுக்குப் போகிறவள் வெறுங்கையோடுதான் போவாள்.

நம் கட்டடத்து முதல் மாடிக்காரி கிளம்பின அன்று நீ வேறொருத்தியோடு கோர்ட்டுக்குப் போயிருந்தாய். அவளை அனுப்பும் பொறுப்பு என்னுடையது. அவளுக்கு ஏழாம் மாதம். கோட்டு தொளதொளவென்று இருந்ததால் வயிறு தெரியவில்லை. ஆனால் முந்தின வாரம்தான் வராந்தாவில் அவளுக்கு வளைகாப்பு நடத்தியிருந்தோம். நானும் என் கையால் போட்டிருந்தேன். பிரசவம் வரை கழற்றக் கூடாத வளையல். பிள்ளைத்தாய்ச்சியிடம் அதைக் கழற்று என்று எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. கோட்டின் கையை இழுத்துவிட்டு மூடி அனுப்பினேன்.

பஸ் படியேறும்போது கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினாள். துணி சரிந்தது, அத்தனை வளையலும் கலகலவென்று சத்தம் போட்டன. டீக்கடையில் இருந்த அவள் புருஷன் திரும்பிப் பார்த்தான். தோளைப் பிடித்து அவளை இழுத்ததில்தான் இந்தக் கோட்டு கிழிந்தது. பெண்கள் கூச்சல் போட்டும் அவன் விடவில்லை, வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் நீ வந்ததும் வளையலைப் பற்றி அவளிடம் சொன்னாயா என்று கேட்டாய். "சொன்னேன், அவதான் கேக்கல" என்றேன். கூசாமல் சொன்னேன். அடி வாங்கினவள் தலையிலேயே பழியையும் போட்டேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் அவள் வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னாய். தினமும் போனோம். மூன்று வாரம் கழித்து அவளே கேட்டு, நீ போலீசோடு வந்து நிற்க, பட்டப்பகலில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த முதல் மாடிக்காரி தன் மகனோடு வந்திருந்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறானாம். மனசு தாங்காமல் குழாயடியில் வைத்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்க்கா. மறுநாளே அவங்க என்னாண்ட கேட்டாங்க, வளையலக் கழட்டச் சொன்னாளான்னு. இல்லியேன்னு சொன்னேன்."

சொல்லியிருந்தால் கழற்றியிருப்பாயா என்று கேட்டேன்.

"கழட்டியிருப்பேன். கொயந்தைக்கு நான் உசுரோட இருக்கறதுதானே முக்கியம்?"

ஆக, மறுநாளே உனக்குத் தெரியும். இத்தனை வருடமும் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கோட்டுகள் இருந்த பையை வேறு யாரிடமும் தராமல் என்னிடம் தந்தாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? எனக்கு உன்மேல் கோபம்தான் வருகிறது. திட்டியிருந்தால் அன்றைக்கே அழுது தீர்த்திருப்பேன்.

இந்த வேலையை விட்டுவிடலாம் என்று மாதம் ஒருமுறையாவது நினைக்கிறேன். அப்புறம் யாராவது ஒருத்தி கதவைத் தட்டுகிறாள். நாளை வருகிறவள் கையிலும் வளையல் இருக்கிறது, பார்த்தேன். அவளை உட்காரவைத்து, முன்பு ஒருத்தி வளையலோடு போய்ப் பிடிபட்ட கதையை முதலில் சொல்வேன். கழற்றுவதும் கழற்றாததும் அவள் இஷ்டம் என்பேன். கதையில் பிடிபட்டவளின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லாமல் விட்டவளின் பெயரைக் கேட்டால், என் பெயரைச் சொல்வேன்.