பெரியவரின் காலுறை

ஜூன் 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே எங்கள் செம்மண்டலம் ஒரு வாணலி. மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றிப் பரிமாறுகிறது. வெளிநாட்டுப் பார்சல் வந்துவிட்டது.

உள்ளே: என் காலை இறுக்கிப் பிடிக்க அளவு கொடுத்து வரவழைத்த ஸ்டாக்கிங். ஒற்றை. இடது கால் மட்டும், பாதத்திலிருந்து தொடை வரை. நிறம் 'ஸ்கின் கலர்' என்று அட்டையில் போட்டிருக்கிறது. யாருடைய ஸ்கின்? எங்கள் தெருவில் அந்த நிறத்தில் இருப்பது வெந்து உரித்த உருளைக்கிழங்கு மட்டும்.

என் இடது காலுக்குப் பெயர் பெரியவர். எனக்குப் பதிமூன்று வயதாகும்போது குடிவந்தார். நாலு வருடமாகக் காலி செய்ய மனமில்லை. வலது கால், சின்னவர், கெண்டைச் சதையில் 34 செ.மீ. பெரியவர் 41. யானைக்கால் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்து, கொசுவுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நிணநீர்க் குழாய்களைப் பிறவியிலேயே குறைத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்களாம். நீர் இறங்கும், திரும்ப ஏறத் தெரியாது. முட்டாள் கால்.

பெரியவருக்கான நித்திய பூஜை:
அபிஷேகம் - சோப்பு, தண்ணீர். விரலிடுக்கில் ஈரம் நின்றால் கோபித்துக்கொள்வார்.
சாந்து - மணமில்லாத க்ரீம்.
மசாஜ் - கழுத்தில் ஆரம்பிக்க வேண்டும். வீங்கியது கால், தடவுவது கழுத்து. கேட்டால் மருத்துவம்.
அலங்காரம் - துணிக்குழாய், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் நாலு ரோல் கட்டு. அர்ச்சகர் அம்மா. முக்கால் மணி நேரம்.

23ஆம் தேதி சிதம்பரத்தில் காலேஜ் திறக்கிறது. ஹாஸ்டலில் இடமும் கிடைத்துவிட்டது. அம்மாவின் சட்டம்: கட்டுக்குப் பதிலாக இந்த ஸ்டாக்கிங் பொருந்தினால் போகலாம். இல்லாவிட்டால் கடலூரிலேயே ஏதாவது காலேஜ், அவள் கைக்கு எட்டும் தூரத்தில்.

"ஹாஸ்டல்ல ஒனக்கு யாருடி கட்டுவா? வார்டனா?"

போட்டுப் பார்த்தோம். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கால்மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும் என்று சிதம்பரத்தில் எனக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோ அக்கா பயமுறுத்தியிருந்தார். மூன்றே நிமிடம். வழுக்கிக்கொண்டு ஏறிவிட்டது. அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு அப்போதே சந்தேகம்.

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். பதினொரு மணிக்குத் தொடையிலிருந்து முட்டிக்கு இறங்கியது. ஒரு மணிக்கு முட்டியிலிருந்து கெண்டைக்கு. மூன்று மணிக்குக் கணுக்காலில் சுருட்டிக்கொண்டு படுத்துவிட்டது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து வந்த பொருளுக்கு என் காலில் நாலு மணி நேரம் நிற்கத் துப்பில்லை.

மாமா வந்தார். அம்மாவின் தம்பி, சிப்காட்டில் ஷிப்ட் வேலை, வாய்க்கு மட்டும் ஷிப்ட் கிடையாது.

"என்னா பாப்பா, யானைக்கு சாக்ஸு வாங்கிட்டீங்க போலருக்கு?"

"ஆமா மாமா. மீதித் துணியில ஒங்க தொப்பைக்கும் ஒண்ணு தெக்கச் சொல்லியிருக்கேன்."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். மாமா விடவில்லை. "கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. இது தானா வந்துச்சா, ஒட்டுச்சா?"

"ஒட்டுனதுதான் மாமா. ஆனா எல்லாருக்கும் ஒட்டாது. இதப் பத்திக் கேக்கறவங்களுக்கு மட்டும்தான் ஒட்டும். கட்டவெரல்ல நமநமன்னா ஒடனே சொல்லுங்க."

சிரித்தார். கொஞ்சம் கம்மியாக. சாயங்காலம் அம்மாவுக்கு ஃபோன்: "அக்கா, எனக்கு எடது காலு ஒரு மாதிரி இருக்குதே..." வாழ்க்கையில் சின்னச் சின்ன சந்தோஷங்கள் உண்டு.

ஜூன் 11, புதன்

காலை அளவு 42. இரண்டே நாளில் ஒரு செ.மீ. ஏறிவிட்டார் பெரியவர். மேலே ஏறத் தெரியாத நீருக்கு அளவில் ஏற மட்டும் தெரியும்.

அப்பா கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். அப்பா லேடீஸ் டெய்லர். வீட்டின் முன்னறைதான் கடை. என் பேன்ட் எல்லாம் அவர் தைப்பது. இடது பக்கம் மூன்று இஞ்ச் கூடுதல் அகலம், ஆனால் நின்றால் நடந்தால் ஒரு கழுகுக்கும் தெரியாது. இந்த வீட்டில் நான் கிண்டல் செய்யாத ஒரே விஷயம் அந்தத் தையல்.

"இவனுக்கெல்லாம் யாரு மிஷினு குடுத்தது? நான் அனுப்புன அளவு ஒண்ணு, இவன் தெச்சது ஒண்ணு."

அளவெடுத்தது அப்பாதான். காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே எடுக்க வேண்டும், சிதம்பரம் வரை பஸ்ஸில் போனால் அதற்குள் வீங்கிவிடும் என்று பிசியோ அக்கா சொன்னதால், வீட்டிலேயே எடுத்து அனுப்பினோம். "நான் அளவெடுக்காத காலா?" என்று அன்றைக்கு ஒரே பெருமை.

மதியம் தூங்கி எழுந்தால் மெஷின் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஊசிக்கடியில் என் ஸ்டாக்கிங். பக்கத்தில் கத்தரிக்கோல்.

"ரெண்டு பக்கமும் ஒரு புடி புடிச்சிட்டா நின்னுடும் பாப்பா."

"அப்பா! தையல் அழுத்துனா தோல் கிழியும். போன வருஷம் மறந்துபோச்சா?"

போன வருஷம்: ஒரு கொசுக்கடி, ஒரு சொறி. சாயங்காலத்துக்குள் முட்டி வரை சிவப்பு, குளிர் காய்ச்சல், ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். கொசுவுக்குக்கூட அவ்வளவு மரியாதை.

அப்பா ஊசியைத் தூக்கி ஸ்டாக்கிங்கை வெளியே எடுத்தார். நல்லவேளை, ஒரு தையல்கூட விழவில்லை.

ஜூன் 12, வியாழன்

பழையபடி கட்டு. அம்மா சந்தோஷத்தை மறைக்க முயற்சிகூடச் செய்யவில்லை.

"நான் சொல்லல? என் கையி இல்லாம ஒனக்கு ஆவாது. காலேஜு என்னா காலேஜு, கடலூர்ல இல்லாததா?"

"ஒரு சாக்ஸு சரியில்லன்னா என் படிப்பே சரியில்லையா?"

"காலு எடுத்து வெச்சாத்தானே படிப்பு?"

அம்மாவிடம் இருந்துதான் எனக்கு வாய் வந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை தேவையில்லை.

இன்று வீட்டில் பேச்சு அவ்வளவுதான். புளிக்குழம்பு.

ஜூன் 14, சனி

சிதம்பரம். அப்பாவும் நானும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெரியவரை முன்சீட்டுக் கம்பியில் தூக்கி வைத்தால், முன்சீட்டு ஆயாவின் முறைப்பு. வைக்காவிட்டால் கால் வீங்கும். முறைப்பு வீங்காது. வைத்தேன்.

பிசியோ அக்கா கட்டை அவிழ்த்தார், ஸ்டாக்கிங்கை மாட்டினார், இரண்டு விரலால் இழுத்தார். பாவாடை மாதிரி வந்தது. பிறகு பழைய நோட்டை எடுத்தார். போன மாதம் தினமும் கட்டுப்போட்டுக் காலைக் குறைத்தபோது கடைசி நாள் அவரே எடுத்த மூன்று அளவு அதில் இருந்தது. பக்கத்தில் நாங்கள் அனுப்பியது.

"கணுக்கால்ல ஒண்ணேகால் சென்டிமீட்டர் ஜாஸ்தி. கெண்டையில ஒண்ணேகால் ஜாஸ்தி. தொடையிலயும் அதே ஒண்ணேகால். வீக்கம் இப்பிடி ஸ்கேல் வெச்ச மாதிரியெல்லாம் ஏறாதே. யாரு அளவெடுத்தது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா காலண்டரைப் பார்த்தார்.

"நான்தாம்மா. அரை இஞ்ச் லூஸு விட்டேன்."

"லூஸா?"

"எப்பவும் விடறதுதாம்மா. ஒடம்புக்கு எடுத்து அப்பிடியே தெச்சா புடிக்குமில்ல."

"சார், புடிக்கறதுக்குத்தான் இது."

முப்பது வருடத் தொழில். டேப் கையில் வந்தால் அரை இஞ்ச், அதாவது ஒண்ணேகால் செ.மீ., தானாகச் சேர்ந்துவிடுகிறது. உலகத்திலேயே ஸ்டாக்கிங்குக்குச் சுடிதார் அளவு கொடுத்த ஒரே மனிதர் என் அப்பா. மூன்று நாளாகக் கம்பெனிக்காரன் பரம்பரையையே சபித்துவிட்டோம், பாவம்.

"அனுப்பறதுக்கு முன்னாடி நானும் ஒத்துப் பாத்திருக்கணும்" என்றார் அக்கா. பார்த்திருக்கணும்தான். இருந்தும் வாயைத் திறந்து சொன்னாரே.

புது ஸ்டாக்கிங் வர ஒரு மாதம். காலேஜ் ஒன்பது நாளில்.

"அதுவரைக்கும் நீயே கட்டிக்க வேண்டியதுதான். எங்கிட்ட வர்ற லாரி டிரைவர் ஒருத்தரு வண்டியில ஒக்காந்துகிட்டே கட்டறாரு. நீ கட்ட மாட்டியா?"

ஒரு தடவை செய்து காட்டினார், ஒரு தடவை என்னைச் செய்ய வைத்தார். கீழே இறுக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறையணும். அவர் கட்டியது தூண். நான் கட்டியது அவிழ்ந்த கரும்புக்கட்டு.

திரும்பும் பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில். ஊர் நெருங்கும்போது சொன்னார்: "அன்னிக்கு டேப்ப இழுத்தேன் பாப்பா. நீ தூங்கிக்கினு இருந்த. அவ்ளோ இறுக்கமா அளவ எழுதக் கை வரல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழக்கதோஷம் என்றால் திட்டலாம். இது திட்டவும் லாயக்கில்லாத காரணம்.

ஜூன் 16, திங்கள்

அம்மாவுடன் ஒப்பந்தம். நானே கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டோடு சிதம்பரம் போய்த் திரும்ப வேண்டும். வந்ததும் அளவு. ஏறியிருந்தால் ஹாஸ்டல் கட்.

முதல் முயற்சி. 1 மணி 10 நிமிடம். எழுந்து நின்றதும் மொத்தமும் காலடியில். அம்மா சிரிக்கவில்லை. கஷ்டப்பட்டு.

ஜூன் 18, புதன்

55 நிமிடம். நின்றது. ஆனால் கால்விரல்கள் கத்தரிக்காய் நிறம். அவிழ்.

மாமா ஃபோனில்: "பாப்பா, டாக்டர் எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு." அடப்பாவமே, காசு கொடுத்தே போய்ப் பார்த்திருக்கிறார்.

ஜூன் 20, வெள்ளி

43 நிமிடம். விரல்கள் மனித நிறம். மூன்று மணி நேரம் தாங்கியது. கட்டுகளை அலசிக் காயப் போட்டுச் சுருட்டுவதும் இனி என் வேலை. மாற்று செட்டோடு சேர்த்து எட்டு ரோல். சுருட்டிச் சுருட்டி மணிக்கட்டு வலி. இதை நாலு வருடமாக அம்மா தினமும் செய்திருக்கிறாள், புலம்பிக்கொண்டேதான் என்றாலும். இந்த வரியை அவள் படிக்கக்கூடாது.

ஜூன் 22, ஞாயிறு

பரீட்சை. மேகமூட்டம், காற்றில்லை. காலை அளவு 41. 40 நிமிடத்தில் கட்டினேன். பஸ்ஸில் அப்பா இரண்டு சீட் பின்னால், யாரோ மாதிரி. யாரோ மாதிரி இருப்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து என் காலை எட்டிப் பார்க்க மாட்டார்.

சிதம்பரத்தில் ஹாஸ்டல் வாசல் வரை நடந்தேன். கட்டடம் மஞ்சள், அசிங்கம், மாடியேற ஏகப்பட்ட படி. பெரியவருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்திருந்தது.

வீடு திரும்ப மணி மூன்று. அம்மா கட்டை இஞ்ச் இஞ்சாகச் சோதித்தாள். எங்கும் நழுவவில்லை. அவிழ்த்தாள். காலையில் பேனாவால் குறி வைத்த இடத்தில் அப்பா முட்டிபோட்டு டேப்பைச் சுற்றினார். நான் அவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். நாற்பத்தொன்று என்று சொல்லுங்கள், இவ்வளவுதான் கேட்கிறேன். முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் அளவைக் கூட்டிச் சொன்னவர், மகளுக்காக ஒரே ஒரு நாள் குறைத்துச் சொன்னால் என்ன?

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நாப்பத்தொண்ணரை."

துரோகி. அம்மா உள்ளே போனாள். பெட்டியைப் பூட்டி வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். போன மாதம் அவள் குறித்து வைத்த நோட்டோடு வந்தாள். விரலை வைத்துத் தேடினாள்.

"போன மாசம் நான் கட்டி சிதம்பரம் அனுப்புன அன்னிக்கு, போயிட்டு வந்தப்ப நாப்பத்திரெண்டு."

நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்னாத்த முழிக்கிறீங்க ரெண்டு பேரும்? கட்டு தோய்க்கற சோப்பு தனியா எடுத்து வெச்சிக்கோ. ஹாஸ்டல் தண்ணி உப்பா இருக்கும்."

ஜூன் 23, திங்கள்

காலை ஐந்தரை. லேசான தூறல். ஏழு மணி பஸ். கட்டிக்கொண்டிருக்கிறேன், நடுநடுவே இதை எழுதுகிறேன். முதல் ரோல் கணுக்காலில் சுருங்கியது. அவிழ்த்து மறுபடி. அம்மா கதவோரம் நிற்கிறாள், கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு.

"பாத்துக்கினே நிக்காதம்மா, கை தடுமாறுது."

"நான் எங்கடி பாத்தேன்?"

இரண்டாவது ரோல் சரி. மூன்றாவது கை நழுவிக் கட்டிலடிக்கு உருண்டது. எட்டவில்லை. அம்மா பின்னால் கோத்த கையை எடுக்கவில்லை. காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.